நுரைக்கு அப்பால்: கெலவரப்பள்ளி நீரும் நச்சுயிரிச் சோதனையும்

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்துவரும் கழிவுநீர் தென்பெண்ணை வழியே ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மதகுகளில் நுரை பொங்கும்போதெல்லாம் வேதிக்கழிவு குறித்தே விவாதம் எழுகிறது. மலத்தோடு வரும் வயிற்றுப்போக்கு நச்சுயிரிகள் அரிதாகவே பேசப்படுகின்றன.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 100 மி.லி. நீரில் ஈ.கோலி காணப்படலாகாது என்கிறது. ஆயின் நோரோ, ரோட்டா நச்சுயிரிகள் அப்பாக்டீரியாவைவிட நீரில் நெடிது நிலைக்க வல்லன. ஈ.கோலி இன்மை நச்சுயிரி இன்மைக்குச் சான்றாகாது.

இக்குறையை நீக்க ஆர்.டி.-பி.சி.ஆர். முறையைப் பரிந்துரைப்போரும் ஓரிடத்தில் வழுவுகின்றனர். அம்முறை காண்பது ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியை மட்டுமே. தொற்றும் ஆற்றலை இழந்த நச்சுயிரியும் அதே விடையைத் தரக்கூடும். எனவே ‘நச்சுயிரி உயிர்ப்புடன் உள்ளது’ என்னும் பொருள்பட எழுதுவது மிகைக்கூற்று. ‘அதன் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது’ என்பதே பொருந்தும்.

எதிர்மறை முடிவிலும் இடர் உண்டு. ஆற்றுநீரின் ஹியூமிக் அமிலம் சோதனை நொதியை முடக்கும். பல லிட்டர் நீரைச் செறிவாக்குகையில் நச்சுயிரி இழப்பும் நேரும். இங்குதான் மிளகாய் உணவின்வழி மலத்தில் மிகுந்து வெளியேறும் மிளகாய்த் தேமல் நச்சுயிரி உதவுகிறது (காரம் விரும்பும் நம் நாட்டுக்கு ஏற்ற அடையாளமே). கழிவு கலந்த இந்நீரில் அதுவே காணப்படாவிடின், ‘நோரோ இல்லை’ என்னும் முடிவை ஏற்பதற்கில்லை.