பிரிஸ்கஸின் தூதுப் பதிவு: சாட்சியமும் தொகுப்பும்

கி.பி. 449இல் கிழக்கு உரோமைப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ், ஹூணர் மன்னர் அத்திலாவிடம் மாக்சிமினஸ் தலைமையில் தூது அனுப்பினார். உடன்சென்ற பிரிஸ்கஸின் பதிவு, நேரில் கண்டவரின் சாட்சியம் என்ற நிலையிலேயே பெரிதும் ஆளப்படுகிறது. இவ்வாசிப்பு இரு வரம்புகளைக் கருத்திற்கொள்வதில்லை.

முதலாவது, தூதுக்குள் ஒரு கொலைச்சதி மறைந்திருந்தது. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த கிரிசாபியஸ், அத்திலாவின் தூதர் எடெக்கோவிடம் 50 இராத்தல் பொன் பேசி, மொழிபெயர்ப்பாளர் விகிலாஸை இக்குழுவுடன் அனுப்பினார். எடெக்கோ அதனை அத்திலாவிடம் வெளிப்படுத்திவிட்டார். பிரிஸ்கஸ், மாக்சிமினஸையும் தம்மையும் சதியை அறியாதவர்களாகவே சித்திரிக்கிறார். விருந்தினர் பொன், வெள்ளிக் கிண்ணங்களில் பருக, அத்திலா மரக்கிண்ணம் ஏந்திய புகழ்பெற்ற காட்சியும் இச்சூழலில் எழுதப்பட்டதே. எதிரியின் எளிமை, சதி செய்த அரண்மனையின் மீதான மறைமுக விமரிசனமாகவும் அமைகிறது. ஆகவே இப்பதிவில் வருணனையோடு தற்காப்பும் கலந்துள்ளது.

இரண்டாவது, பிரிஸ்கஸின் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தூதுகள் குறித்துத் தொகுப்பித்த பகுதிகளின் வழியாகவே அது பெரும்பாலும் எஞ்சியுள்ளது. அவரைத் தூதுகளின் வரலாற்றாசிரியராக இன்று தோன்றச் செய்வதில் தொகுப்பாளரின் தேர்வுக்கும் பெரும்பங்கு உண்டு.

எனவே ஹூணர் சமூகத்தை இப்பதிவின்வழி எழுத முற்படும் ஆய்வு, எழுதியவரின் தேவையையும் தொகுத்தவரின் நோக்கத்தையும் முதலில் பிரித்தறிதல் வேண்டும்.