முகத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

பல்லேகலயில் கிரிக்கெட் மட்ச் என்றால் எங்கிருந்தெல்லாமோ சனம் வருகிறது. ஓவியம் என்றால் மட்டும் “நமக்கு அதெல்லாம் விளங்காது” என்று படித்தவர்களே ஒதுங்குகிறார்கள். கண் இருக்கிறதல்லவா, அது போதும். ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லில் தொடங்குங்கள்.

வரலாற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தாய் ஹங்கேரியர், தந்தை சீக்கியர். பாரிஸில் அவர் படித்த கலைக்கல்லூரி 1897வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது. 1935இல் சிம்லாக் கண்காட்சியில் அவருடைய சில படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசைத் திருப்பி அனுப்பினார். 28 வயதில் லாகூரில் இறந்தார்.

இனித்தான் விஷயம். வெளிச்சத்தால் எழும் உருவம் வேறு, நிறத்தால் எழும் உருவம் வேறு. ‘இளம் பெண்கள்’ படத்தில் ஒளி ஒரு பக்கமிருந்து விழுகிறது, மறுபக்கம் இருள்கிறது, அதனால் உடல் திரண்டு நிற்கிறது. அது பாரிஸ் பாடம். பிறகு அஜந்தாவைப் பார்த்தார், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்தார், கன்னியாகுமரிவரை போனார். திரும்பி வந்து 1937இல் ‘பிரம்மச்சாரிகள்’ வரைந்தார். அதில் ஐந்து இளைஞர்களின் வேட்டிகளை மட்டும் பாருங்கள். வெள்ளைதான், ஆனால் ஒரே வெள்ளை அல்ல. கறுத்த மேனியருகே ஒன்று குளிர்கிறது, மாநிறத்தருகே இன்னொன்று பழுப்பேறுகிறது. நிழல் செய்த வேலையைப் பக்கத்து நிறம் செய்கிறது.

இது பிடிபடவில்லையா? கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ விகாரைக்குப் போங்கள், பல்லேகலக்காரருக்குக் கூப்பிடு தூரம். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்துக் குகைச் சுவரில் புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் வரிவரியாக ஓடுகிறது. சிவப்புத் தளம், கோடு, தட்டையான நிறம். எந்த உருவத்துக்கும் நிழல் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு உருவமும் தனித்துத் தெரிகிறது. அரைமணி நேரம் அங்கே நின்றவருக்கு ஷெர்கில் விளங்காமல் போகமாட்டார்.

விமர்சகர்களோ அவருடைய காதல்களையும் கடிதங்களையும் விட்டு நகர்வதில்லை. ‘இந்தியாவின் ஃப்ரிடா காலோ’ என்பது படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடிய வரி. ‘சோகம் வழியும் கண்கள்’ அதைவிட மேலோட்டம். உங்களிடம் சொல்வதற்கென்ன, ‘மூன்று பெண்கள்’ படத்தின் முகங்களில் நானும் கரைந்திருக்கிறேன். ஆனால் அந்த முகங்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். உடைகளின் நிறங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் படம் இன்னும் உயிரோடிருக்கும். சோகத்தைப் பலர் வரைந்தார்கள், இதை அவர் ஒருவரே செய்தார்.

அவருடைய ஓவியங்களை இந்தியா தேசியக் கலைச் செல்வமாக அறிவித்திருக்கிறது. விலைகொடுத்து வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புத்தகயா, காசி என்று யாத்திரை போகிறவர்கள் தில்லியில் இறங்கினால் அரைநாளை அவருடைய ஓவியங்கள் உள்ள, ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்கு ஒதுக்குங்கள்.