லிட்டருக்கு 20 மில்லி

சேந்தமங்கலத்தில் எங்கள் வீதி முக்கில் இருந்த மெக்கானிக் கடையில், ஸ்பேனர் மாட்டும் பலகையின் ஓரத்து ஆணியில் ஒரு பிளாஸ்டிக் மூடி தொங்கும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி; 5, 10 என்று கோடு போட்டது. டிவிஎஸ் 50-க்கு ஆயில் கலக்கும்போது மட்டும் மெக்கானிக் அதைக் கையில் எடுப்பார். 10 மில்லிக் கோடு வரை ஆயிலை வார்த்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, குறைந்தால் சொட்டுவிட்டு, கூடினால் பாட்டிலுக்கே திருப்பி வடித்து, அப்புறம்தான் கேனில் கவிழ்ப்பார். லிட்டருக்கு இரண்டு மூடி. கவிழ்த்த மூடியை உடனே எடுத்துவிட மாட்டார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார். நகைக்கடையில் தங்கம் நிறுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவனத்துக்கு இவருடையது மாற்றுக் குறைந்ததில்லை.

பெடல் வைத்த அந்தச் சின்ன வண்டி 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரும் மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். பால் கேன், கீரைக்கட்டு, வாழைத்தார், சிலிண்டர் என்று எதை ஏற்றினாலும் இழுத்தது. அதன் 50 சிசி இன்ஜினைப் புகழ்ந்தவர்கள் நிறைய. அதற்கு ஆயில் கலந்த கையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கைதான் முக்கியமாகப் படுகிறது.

இன்றைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அதே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து உராய்வைத் தடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி நேராகக் கிராங்க் சுழலும் அறைக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகிறது. அந்த அறையில் தனியாக ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே ஆயில் பெட்ரோலின் தோளில் ஏறித்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்ததும் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். கனமான ஆயில் மட்டும் நுண்துளியாகப் பிரிந்து, கிராங்க் பேரிங்கிலும் கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் சிலிண்டர் சுவரிலும் படியும். தன் வேலையை ஒருமுறை செய்துவிட்டு, மேலே ஏறி எரிந்து, புகையாகப் போய்விடும். அடுத்த சொட்டு வந்தாக வேண்டும். பெரிய மோட்டார்களுக்கு ஆயில் பம்ப் உண்டு. டிவிஎஸ் 50-க்கு ஆயில் பம்ப், கலப்பவரின் கைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால், 20 மில்லி ஆயில் அந்த 50 கிலோமீட்டருக்கும் வர வேண்டும். கிலோமீட்டருக்கு 0.4 மில்லி, எட்டுப் பத்துச் சொட்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுவதாகவும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகவும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பிஸ்டன் 7,500 முறை ஏறி இறங்குகிறது. அத்தனைக்கும் அந்தச் சொட்டுகள்தான். இந்தக் கணக்கு மனதில் ஏறிய பிறகு, கடைசிச் சொட்டுக்காக அவர் காத்து நின்றது எனக்கு விளங்கியது.

விளங்குவதற்கு முன்னால் ஒரு இன்ஜினைக் கெடுத்திருக்கிறேன். 16 வயதில், லைசென்ஸ் வாங்கிய புதிதில், அப்பாவின் வண்டியில் கொல்லிமலைக்குக் கிளம்பினேன். பெட்ரோல் பங்கில் ஆயில் தீர்ந்துவிட்டது என்றார்கள். பரவாயில்லை என்று வெறும் பெட்ரோலைப் போட்டுக்கொண்டேன். காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கி, நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியிருப்பேன். சத்தம் மெலிந்தது, இழுவை குறைந்தது, கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்து வண்டி நின்றுவிட்டது. பெடல் மிதித்தால் அசையவில்லை. தள்ளிக்கொண்டே கீழே வந்தேன். மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். “வெறுங்கால்ல உச்சி வெயில்ல தார் ரோட்டுல ஓட உட்ட மாதிரி இருக்குது கண்ணு” என்றார். போர் போட்டு, அளவு கூடிய பிஸ்டன் மாற்றித்தான் அந்த வண்டி மறுபடி ஓடியது.

அதன் பிறகு கலப்பதை அவர் எனக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். கேனில் முதலில் ஆயில். அதன்மேல் கால் லிட்டர் அளவுக்குப் பெட்ரோல். குலுக்க வேண்டாம், சுழற்ற வேண்டும். கேனின் சுவரில் ஒட்டிய ஆயில் கரைந்து, நிறம் சீராகும்வரை. பிறகு மீதிப் பெட்ரோலை விட்டு மூடி போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். கலக்கிற ஆயிலில் பல கம்பெனிகள் நீலமோ சிவப்போ சாயம் சேர்ப்பது அழகுக்காக இல்லை; கலந்ததையும் கலக்காததையும் கண் பிரித்தறிவதற்காக. வெளிச்சத்துக்கு எதிரே கேனைத் தூக்கிப் பிடித்தால் அந்த மெல்லிய நிறம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகத் தெரியும். எனக்கு அது இன்றும் பார்க்கச் சலிக்காத காட்சி.

நேராக டேங்கில் கலக்க நேர்ந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும். ஆயில் பெட்ரோலைவிட அடர்த்தியானது. கரையாமல் அடியில் தங்கிவிடும். டேப் திறந்திருந்தால் முதலில் இறங்குவது கெட்டி ஆயில். பிளக் அடைத்துக்கொள்ளும். அது போன பிறகு வருவது ஆயில் குறைந்த பெட்ரோல். ஒரே டேங்கில் இரண்டு கேடு. பங்குகளில் ஆயிலை முதலில் விட்டு, அதன்மேல் பெட்ரோலைப் பாய்ச்சி, வண்டியைக் கால் நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார்களே, அது வெறும் பழக்கம் இல்லை.

ஒரு தப்பெண்ணம் ஊரெல்லாம் இருந்தது: ஆயில் கூடினால் இன்ஜினுக்கு நல்லது, கூடக் கொஞ்சம் போடு என்று. நல்லெண்ணம்தான், ஆனால் தவறு. கார்பரேட்டர் ஜெட்டின் துளை ஒரே அளவு. அதில் ஆயிலின் பங்கு கூடினால், அந்த அளவுக்குப் பெட்ரோலின் பங்கு குறையும். காற்றோடு ஒப்பிட்டால் கலவை மெலிந்து, எரிதல் சூடேறும். எரியாத ஆயில் கரியாகிச் சைலன்சரை அடைக்கும். பிளக் நனையும். ஊர்க் காற்றும் கெடும். டூ ஸ்ட்ரோக்கில் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுவது அதன் பிறவிக் குறை. அதோடு இரட்டைப் பங்கு ஆயிலையும் சேர்த்தவர்கள் அந்தக் குறையைப் பெரும் குற்றமாக்கினார்கள். அளவறிந்து கலந்த வண்டி, காலையில் பற்றவைக்கும்போது கொஞ்சம் நீலம் கக்கும். சூடேறியதும் புகை கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்துவிடும். அப்படி ஓடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கலவை சரியா என்று பிளக் சொல்லும். நன்றாக ஓட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கைப் பார்க்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை நிறம் இருந்தால் எல்லாம் சரி. ஈரக் கறுப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ கூடுதல். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் இன்ஜின் வேகிறது என்று அர்த்தம். எங்கள் மெக்கானிக் பிளக்கை முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். எந்த வீட்டில் யார் ஆயில் கலக்கிறார்கள் என்று பிளக்கை வைத்தே சொல்லிவிடுவார்.

இறக்கத்துக்கு அவர் சொன்ன ஒன்று, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு உதவியிருக்கிறது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிடுவோம். சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோல் மிகக் கொஞ்சமே வரும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். “நாலு வளைவுக்கு ஒருக்கா லேசா முறுக்கிக் குடுங்க, அதுக்குத் தண்ணி காட்டுற மாதிரி” என்பார். மாடு வளர்த்த ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எந்த ஆயில் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கழுவ உலோகச் சேர்மங்கள் போட்டிருப்பார்கள். அது எரிந்தால் சாம்பல் மிஞ்சி பிளக்கின் இடைவெளியை அடைக்கும். எரிந்து போவதற்கென்றே செய்யப்பட்டது டூ டி ஆயில். அதற்கு முந்தைய காலத்தில் பந்தய வண்டிகளுக்கு விருப்பமான எண்ணெய் எது தெரியுமா? நம் விளக்கெண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் வந்தது. கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு நழுவாத எண்ணெய் அது. ஆனால் பெட்ரோலோடு எளிதில் கலந்து நிற்காது, பிசினாகவும் படியும். தெருவில் ஓடும் வண்டிக்கு ஆகாது.

1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனி டேங்க் இருந்தது. பம்ப் தானே அளந்து கொடுத்தது. 2015-இல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்தது. கலக்கும் வேலையே இல்லாமல் போனது. காற்றுக்கு அது நல்லது, நான் மறுக்கவில்லை. கலந்தவரின் கை மட்டும் சும்மா இருக்கிறது.

உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய டிவிஎஸ் 50 ஒன்று சாக்குப் போர்த்திக் கிடக்கலாம். அதை எடுத்து ஓட்ட ஆசை வந்தால் அவசரப்பட்டுப் பெடலை மிதித்துவிடாதீர்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். ஒரு அளவு மூடி தேடி எடுங்கள். காலிக் கேனில் 20 மில்லி டூ டி ஆயிலை முதலில் விடுங்கள், கடைசிச் சொட்டு இறங்கும்வரை மூடியைப் பிடித்திருங்கள். அதன் பிறகு பெட்ரோலை ஊற்றுங்கள்.