பூஸ்ட் தாங்கும் எஞ்சின்: கொங்குப் பட்டறைகளின் மூன்று மரபுகள்

திருச்சி, கரூர் வழியாக வரும் டெல்டா நெல் காங்கேயம் அரிசி ஆலைகளில் இறங்குகிறது. அரிசியும் தேங்காய் எண்ணெயும் இங்கிருந்து ஏறுகின்றன. லாரியை நம்பிய ஊர். மூன்று அச்சு லாரிக்கான மொத்த எடை வரம்பு 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. சுமை கூடினால் உரிமையாளர் கேட்பது இழுவை. பட்டறைக்காரர் கை போவது டர்போ பக்கம்.

வீணாகும் புகையின் வேகத்தில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்த உத்திக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இலேயே காப்புரிமை பெற்றார். இப்படி ஏறும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் 1 பாரை எட்டி, இன்டர்கூலரும் சரியாக இருந்தால், சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ இருமடங்கு. அதற்கேற்ப டீசலும் கூடும், அடியும் கூடும். லேலண்டின் ஹெச் வரிசை எஞ்சினில் போர் 104 மி.மீ. உச்ச அழுத்தம் 100 பார் என்றால் ஒரு பிஸ்டன் தலையில் எட்டரை டன்னுக்கு மேல் இறங்குகிறது. 150 பார் என்றால் 13 டன். இந்த அடியை யார் எப்படித் தாங்க வைக்கிறார்கள் என்பதில்தான் கொங்கில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கோவை வழி. ஃபவுண்டரியும் லேத்தும் பம்ப்செட்டும் வளர்த்த ஊரில் அளவுதான் பேசும். இங்கே நல்ல கை என்றால் டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்த கை. பிளாக்கின் மேல்மட்டத்தைவிட லைனர் விளிம்பு சற்றே உயர்ந்து நிற்க வேண்டும்; அந்தத் துளி உயரம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறினால் ஹெட் கேஸ்கெட் ஒரு பக்கம் ஊதிக்கொள்ளும். கிராங்க் கிரைண்டிங்கில் ஜர்னல் ஓரத்து வளைவைக் கூராக்கிவிட்டால், பின்னாளில் கிராங்க் முறிவது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களின் வழி. கணக்கு கிலோமீட்டரிலும் மைலேஜிலும். கம்பெனி அளவைத் தாண்டாதே, நாசிலையும் பம்பையும் டெஸ்ட் பெஞ்சில் சரிபார், ஆயிலைத் தள்ளிப்போடாதே என்பது இவர்கள் பாடம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றை எட்டக்கூடிய டர்போ தண்டு ஆயில் படலத்தில் மிதக்கிறது. மலை ஏறி வந்த வண்டியை உடனே அணைத்தால் அந்த ஆயில் கருகும். ஆகவே இரண்டொரு நிமிடம் ஐடிலிங்.

மூன்றாவது திருச்செங்கோட்டு ரிக் வழி. மூன்றிலும் கடுமையான தேர்வு இதுவே. லாரி மேட்டில் திணறினாலும் இறக்கத்தில் மூச்சு வாங்கும். போர் போடும் ரிக்கின் கம்ப்ரசர் எஞ்சினுக்கு இறக்கமே கிடையாது. பாறைத் தூசியில் மணிக்கணக்காக முழு லோடு. இங்கே எதிரி அழுத்தத்தைவிட வெப்பம். டர்போவுக்கு முன் புகை வெப்பம் 700 டிகிரியைத் தாண்டி நீடித்தால் அலுமினிய பிஸ்டன் தளரத் தொடங்கும். அதனால் ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் ஆகியவற்றுக்கே முதல் மரியாதை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை ஒன்று துலங்குகிறது. முதலில் குளிர்ச்சியும் ஆயிலும். அடுத்து கிராங்க், பேரிங், கனெக்டிங் ராடு. பிறகு மேல் ரிங் பள்ளத்தில் இரும்பு வளையம் பதித்த பிஸ்டன். அதன்பின் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்கிய உயர்வலு போல்ட்டும். டீசலும் பூஸ்ட்டும் கடைசி. தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. பம்பைத் திருகியதும் வண்டி பறக்கும், கருப்புப் புகையும் பறக்கும், சில மாதத்தில் ஹெட் தூக்க வேண்டியிருக்கும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பூஸ்ட்டும் டீசலும் எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. கட்டுப்பாட்டில். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டமும் தடை போடுகிறது. ஆகவே இந்த மரபுகளுக்கு இனி வேலை, இருக்கும் வலுவைக் குறையாமல் மீட்டுத் தருவதே. அதற்கு வாய்ச்சொல் போதாது. எஞ்சின் இறக்கிக் கொடுக்கும் ஒவ்வொரு பட்டறையும் லைனர் உயரம், பேரிங் இடைவெளி, போல்ட் முறுக்கு ஆகிய மூன்று அளவுகளையும் பில்லோடு எழுதித் தரட்டும். உரிமையாளரும் விலையைக் கேட்கும் முன் அதைக் கேட்கட்டும்.