பூனைக்கு எந்த 'நான்'?

'யுவர் நேம்' (2016) அனிமே படத்தில் ஒரு காட்சி. கிராமத்துப் பெண் மிட்சுஹா, டோக்கியோ பையன் டாக்கியின் உடம்புக்குள் விழித்து, அவனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தாமதமாக வந்ததற்கு நண்பர்களிடம் காரணம் சொல்ல, 'வதாஷி' என்று ஆரம்பிக்கிறாள். அவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். 'வதக்குஷி' என்று மாற்றுகிறாள். குழப்பம் கூடுகிறது. 'பொகு'? ம்ஹூம். கடைசியில் 'ஒரெ' என்றதும்தான் தலையாட்டுகிறார்கள்.

நான்குக்கும் அர்த்தம் 'நான்'தான். முதல் தடவை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தபோது இதில் என்ன ஜோக் என்றே எனக்குப் புரியவில்லை.

பிறகு ஜப்பானியம் படிக்கப் போனேன். ஆங்கில 'ஐ'க்கு 'வதாஷி' என்று முதல் பாடத்திலேயே முடித்துவிட்டார்கள். என் என்ஜினியர் மூளைக்கு அது வசதியாக இருந்தது: இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல். விஷயம் அப்படியில்லை. 'வதாஷி' ஆண், பெண் இருவருக்கும் பொதுவான, அலுவலகத்துக்குப் பொருந்தும் சொல். நண்பர்களிடம் ஒரு பையன் சொன்னால் விறைப்பாகக் கேட்கும். 'பொகு' பெரும்பாலும் ஆண்கள் சொல்வது, கொஞ்சம் மென்மையானது. 'ஒரெ'வில் முரட்டுத்தனமும் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது. ஒரே ஆள் காலையில் மேலாளரிடம் 'வதாஷி', சாயங்காலம் நண்பனிடம் 'ஒரெ'. ஆக, அந்தச் சொல் பேசுகிறவர் யார் என்று மட்டும் சொல்வதில்லை. எதிரே நிற்பது யார் என்றும் சொல்லிவிடுகிறது.

நட்சுமே சோசெகி இதை வைத்தே ஒரு நாவலின் தலைப்பை அமைத்தார். 1905இல் வரத் தொடங்கிய 'வகஹாய் வா நெக்கோ தெ அரு' நாவலில் பேசுவது பெயர்கூட இல்லாத ஒரு பூனை. அது தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'வகஹாய்', பெரிய மனிதர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்கிற 'நான்'. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் எ கேட்' ஆனதும் அந்த மீசை காணாமல் போய்விட்டது. தமிழில் 'யாம் ஒரு பூனை' என்றால் பாதியாவது திரும்பக் கிடைக்கும். அடுத்த ஆண்டே சோசெகி எழுதிய 'போச்சன்' நாவலின் கோபக்கார இளம் வாத்தியார் 'ஒரெ' என்கிறான். ஆங்கிலத்தில் பூனைக்கும் வாத்தியாருக்கும் அதே 'ஐ'தான்.

இதையெல்லாம் காட்டி, 'பார்த்தீர்களா, மொழிபெயர்க்கவே முடியாது' என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் முரகாமியின் 'ஹார்ட்-பாயில்ட் வொண்டர்லேண்ட் அண்ட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' (1985).

அதில் இரண்டு கதைகள் மாறி மாறி வருகின்றன. டோக்கியோவில், தகவல்களைத் தன் மூளைக்குள் குறியாக்கம் செய்து பிழைப்பவன் 'வதாஷி'. சுவர் சூழ்ந்த ஒரு நகரத்தில், நிழலைப் பறிகொடுத்து நிற்பவன் 'பொகு'. அந்த நகரம் இருப்பது முதல் ஆளின் மனதுக்குள்தான் என்று போகப்போகத் தெரிகிறது. அதாவது இருவரும் ஒருவரே. வெளியுலகத்தோடு பேசுபவன் 'வதாஷி', உள்ளே தனியாக இருப்பவன் 'பொகு'. நாவலின் கட்டுமானமே இந்த இரண்டு சொற்களில் நிற்கிறது.

1991இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஆல்ஃப்ரெட் பர்ன்பாம், டோக்கியோவை இறந்தகாலத்திலும் நகரத்தை நிகழ்காலத்திலும் எழுதினார். 'ஐ'யால் முடியாததைக் காலத்தை வைத்துச் செய்தார். நேற்றும் நாளையும் இல்லாத நகரத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒன்று போய்விட்டது. மூலத்தில் இரண்டு 'நான்'களுக்கும் நடுவே இருப்பது ஒரு மனிதன் ஊருக்குக் காட்டும் முகத்துக்கும் தனக்கு மட்டும் காட்டும் முகத்துக்கும் உள்ள இடைவெளி. ஆங்கிலத்தில் அது வெறும் கால இடைவெளியாகிவிட்டது. நான் பல வருஷமாக ரசித்துக்கொண்டிருந்தது இரண்டாவதைத்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் வலித்தது.

எதிர்த்திசையில் யோசித்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஆங்கில நாவலின் முதல் வரியில் வரும் சாதாரண 'ஐ'க்கு எந்தச் சொல் சரி? அகராதி வரிசையாகப் பட்டியல் தரும், தேர்ந்தெடுத்துத் தராது. இவன் யாரிடம் பேசுகிறான், எவ்வளவு தள்ளி நின்று பேசுகிறான் என்று மொழிபெயர்ப்பாளர்தான் முடிவெடுக்க வேண்டும். அவர் முழு நாவலையும் படித்து முடித்த பிறகுதான் முதல் வரியின் முதல் சொல்லையே எழுத முடியும்.

நமக்கும் இது புதுசில்லை. ஆங்கில 'வீ' வந்தால் 'நாம்' என்று எழுதுவதா, 'நாங்கள்' என்று எழுதுவதா? கேட்பவரை உள்ளே விடுகிறோமா, வாசலிலேயே நிறுத்துகிறோமா என்று தெரியாமல் அந்த ஒரு சொல்லை எழுத முடியாது.