இனாமா, கூலியா?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள், உணவு விடுதியில் பரிமாறியவருக்குப் 'பில்' தொகையில் 15 முதல் 20 விழுக்காடு இனாம் வைப்பது வழக்கம். ஆகா, என்னே தாராளம் என்று வியப்போர் வியக்கட்டும்! நாம் கேட்கிறோம்: முதலாளி தரும் கூலி எவ்வளவு?

மணிக்கு 2 டாலர் 13 சென்ட்! 1991இல் வகுத்த அந்தத் தொகையே லூசியானா மாநிலத்தில் இன்றும் சட்டப்படி போதும். இனாம் பெறாத தொழிலாளிக்கோ 7 டாலர் 25 சென்ட். (அதுவும் 2009இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.) இனாம் குறைந்தால் மீதியை முதலாளி ஈடுசெய்ய வேண்டுமாம். ஏட்டிலே இருக்கிறது! கணக்குக் கேட்கத் துணிந்தவருக்கு மறுவாரம் வேலை இருக்குமா?

இவ்வழக்கம் அந்நாட்டில் வேரூன்றிய வரலாறோ கொடிது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மன் கம்பெனி தன் இரயில் பெட்டிகளில் பணிக்கு அமர்த்திற்று. அற்பக் கூலி தந்து, 'பயணிகளின் இனாமில் பிழைத்துக்கொள்' என்று விட்டது. அவர்களுக்குப் பெயரும் இல்லை. பயணிகளுக்கு எல்லோருமே 'ஜார்ஜ்', முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர்! 1925இல் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டனர். 1937இல் ஒப்பந்தம் பெற்றனர்.

'முழுக் கூலி தந்தால் விடுதிகளை மூடவேண்டியதுதான்' என்று முதலாளிமார் ஓலமிடுகின்றனர். அதே நாட்டின் நெவாடா மாநிலத்தில், கூலியில் இனாமைக் கழிக்கச் சட்டம் இடந்தரவில்லை. 2024 முதல் அங்கே மணிக்கு 12 டாலர். லாஸ் வேகாஸ் விடுதிகளில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது.