பக்க ஓரத்தில் எழுதும் வாசகர்கள்

சீனாவில் வாழும் ஒருவர் ஒரு புத்தகத்தைத் தனியாகப் படித்து முடிப்பது இன்று அரிது. டென்சென்ட் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த ‘வீசாட் துஷு’ செயலியில் ஏதாவது ஒரு நாவலைத் திறந்தால், சில வரிகளுக்குக் கீழே மெல்லிய புள்ளிக்கோடு ஓடும். அதைத் தொட்டால் எத்தனை பேர் அந்த வரியை அடிக்கோடிட்டார்கள் என்ற எண்ணும், முன்பின் அறியாதவர்கள் அதைப் பற்றி எழுதிய குறிப்புகளும் வந்து நிற்கும். 2005இல் தொடங்கிய ‘தோபான்’ தளத்தில் படித்து முடித்தவர்கள் ஐந்து நட்சத்திரத்துக்குள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்புகள் திரண்டு, பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணாகப் புத்தகத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. இவை போதாதென்று புத்தகக் கடை மாடிகளிலும் தேநீர்க் கடைகளிலும் வாசகர் வட்டங்கள் கூடுகின்றன.

அயல்நாட்டிலிருந்து வந்து, சீன மொழியில் தட்டுத் தடுமாறிப் படிப்பவருக்கு இந்தப் பழக்கம் பெரிய கொடை. சி ஸிஜியென் எழுதிய ‘எர்குனா ஆற்றின் வலக்கரை’ நாவலைப் படித்தபோது அதை நேரில் உணர்ந்தேன். கலைமான் வளர்க்கும் எவென்கி மக்களின் கதை அது. அவர்களுடைய கூடாரம் எப்படிக் கட்டப்படும், கலைமான் எந்தப் பாசியைத் தின்னும், ஷாமன் சடங்கில் மேளம் எதற்கு என்றெல்லாம் அந்தக் குளிர் நிலத்தை அறிந்த யாரோ ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அகராதி சொல்லாததை அவர்கள் சொன்னார்கள். உரைகளோடு இலக்கியம் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

இதைக் கைபேசி கொண்டுவந்த புதுமை என்று நினைத்தால் தவறு. புத்தகத்தைப் பற்றிய கருத்தைப் புத்தகத்துக்குள்ளேயே எழுதுவது சீனாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். அத்தியாயத்துக்கு முன்னுரை, வரிகளுக்கு இடையே பொடி எழுத்தில் குறிப்பு, பக்கத்தின் தலைப்பகுதியில் வியப்பு அல்லது கண்டனம் என்று நாவல்கள் கருத்துகளோடு சேர்ந்தே அச்சாகின. அதன் உச்சம் சூசோ நகரத்து ஜின் ஷெங்டான் (1608–1661). படித்தவர்கள் கதை நூல்களைத் தாழ்வாக நினைத்த காலத்தில், ‘ஷுய்ஹு ஜுவான்’ என்னும் கொள்ளையர் கதையை தத்துவஞானி ஜுவாங்ஸி, வரலாற்றாசிரியர் சிமா சியென், கவிஞர் தூ ஃபூ ஆகியோரின் எழுத்துகளுக்குச் சமமாக வைத்தவர் அவர். 1641இல் முன்னுரை எழுதி அவர் வெளியிட்ட பதிப்பு இன்றைக்கும் கதை வாசிக்கக் கற்றுத் தருகிறது. அந்தக் கதையில் வூ சோங் ஒரு புலியைக் கொல்கிறான்; பின்னால் லி குய்யும் புலிகளைக் கொல்கிறான். ஒரே நிகழ்ச்சியை ஆசிரியர் ஏன் திரும்ப எழுதினார், இரண்டும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று ஜின் ஷெங்டான் சொற்சொல்லாகப் பிரித்துக் காட்டுவார். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், எந்தச் சொல்லால் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் அவரால் வேரூன்றியது.

அதே மனிதர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எழுபதாம் அத்தியாயத்தோடு கதையை வெட்டினார். 120 அத்தியாயப் பதிப்பில் மீதியிருந்த ஏறத்தாழ ஐம்பது அத்தியாயங்களும் போயின. தன் கைக்குக் கிடைத்த பழஞ்சுவடி அப்படித்தான் முடிகிறது என்றார். கொள்ளையர் தலைவன் சோங் ஜியாங்கை அவருக்குப் பிடிக்காது. அவனைப் போலியாகக் காட்டும்படி ஆங்காங்கே வாசகத்தைத் திருத்தினார். தான் திருத்திய வரிகளையே பழைய ஆசிரியரின் திறமை என்று ஓரத்தில் பாராட்டினார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சாதாரண வாசகர் அறிந்த ‘ஷுய்ஹு ஜுவான்’ இதுதான். ஒரு வாசகரின் கருத்து மூலநூலின் பாதிக்கு நெருங்கிய பகுதியை விழுங்கிவிட்டது.

‘ஹோங்லோ மெங்’ எனப்படும் செம்மாடக் கனவின் கதை இன்னும் சிக்கலானது. அந்த நாவலின் ஆசிரியர் சாவ் ஷுவேச்சின் உயிரோடிருந்து எழுதிக்கொண்டிருந்தபோதே, ஜிர்யென்ஜாய் என்ற புனைபெயரில் ஒருவரும் அவரோடு நெருங்கிய வேறு சிலரும் கையெழுத்துப்படியில் சிவப்பு மையால் குறிப்புகள் எழுதினார்கள். அவர்கள் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஆசிரியர் குடும்பத்தின் பழைய நினைவுகளும், தொலைந்துபோன பிற்பகுதியில் என்ன நடக்கும் என்ற தடயங்களும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கின்றன. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு என்னை எப்போதும் நிறுத்திவிடும். மருமகள் சின் கேச்சிங்கின் மரணத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு பகுதியை நீக்கிவிடும்படி ஆசிரியரிடம் சொன்னதாகக் குறிப்பெழுதியவர் ஒப்புக்கொள்கிறார். அதனால் அந்த அத்தியாயத்தில் நான்கைந்து தாள்கள் குறைந்துபோயின என்றும் அங்கே எழுதியிருக்கிறது. படித்த ஒருவரின் கருத்து ஆசிரியரின் கையைப் பிடித்து அழிக்கவைத்தது. அந்தக் கருத்து எழுத்தில் நின்றதால்தான் அழிந்தது என்னவென்று நமக்குத் தெரிகிறது.

வாசகர் கருத்தின் இந்த இரண்டு முகங்களையும் ஒரே மனிதர் எதிர்கொண்டார். 1920இல் ஷாங்காயின் யாதோங் பதிப்பகம் ‘ஷுய்ஹு ஜுவான்’ நாவலை நிறுத்தற்குறிகளுடன் வெளியிட்டது. ஜின் ஷெங்டானின் குறிப்புகள் அதில் இல்லை. அவற்றை நீக்கியதே அந்தப் பதிப்பின் சிறப்பு என்று அறிஞர் ஹூ ஷி முன்னுரையில் பாராட்டினார். ஏழாண்டு கழித்து, 1927இல், அதே ஹூ ஷி செம்மாடக் கனவின் ஒரு பழைய கையெழுத்துப்படியை வாங்கினார். வெறும் 16 அத்தியாயங்களே மிஞ்சிய அந்தப் படியை அவர் பொக்கிஷமாகப் போற்றியதற்கு முக்கியக் காரணம் ஓரத்துச் சிவப்புக் குறிப்புகள். அந்த நாவல் பற்றிய ஆராய்ச்சியின் திசையையே அவை மாற்றின. ஹூ ஷி முன்னுக்குப் பின் முரணாக நடந்தார் என்று நான் கருதவில்லை. வாசகரை ஆளப் பார்க்கும் கருத்தை ஒதுக்கினார், வாசகருக்குச் சான்று தரும் கருத்தை ஏற்றார். இன்று சீனாவில் புத்தகக் கருத்துகளை எடைபோட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலால் பார்த்தால் புள்ளிக்கோட்டின் குறை முதலில் தெரிகிறது. ஆயிரம் பேர் அடிக்கோடிட்ட வரியைக் கண் தேடிப்போய் நிற்கிறது. யாரும் கோடு போடாத பக்கத்தை விரல் வேகமாகத் தள்ளிவிடுகிறது. கோடு விழும் வரிகளில் பெரும்பாலானவை பொன்மொழி போன்றவை. கதையை விட்டுத் தனியே எடுத்தாலும் அழகாக நிற்பவை. நாவலின் உயிர் இருக்கும் இடங்களோ பலசமயம் சாதாரண வாக்கியங்கள்: ஒருவர் கதவைச் சாத்துகிறார், பதில் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவுகிறார். அவற்றின் கீழே கோடு இல்லை. வாரத்தில் யார் எத்தனை மணி நேரம் படித்தார் என்று நண்பர்களை வரிசைப்படுத்தும் பட்டியலும் அந்தச் செயலியில் உண்டு. வாசிப்பை ஓட்டப்பந்தயமாக்கும் அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை.

நட்சத்திரங்களின் தீமை வேறு வகை. 2013இன் தொடக்கத்தில் ‘குட்டி இளவரசன்’ நூலின் புதிய சீன மொழிபெயர்ப்பு ஒன்று, இதுவரை வந்தவற்றிலேயே சிறந்தது என்ற விளம்பரத்தோடு வந்தது. அந்தத் தற்பெருமையைக் கண்டிக்க, நூலைத் தொடாதவர்கள்கூடத் தோபானில் திரண்டு ஒற்றை நட்சத்திரம் இட்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. கோபப்பட்டவர்களிடம் வாசிப்பு இல்லை. 2021இல் நடந்தது இதைவிட வருத்தமானது. உருகுவே எழுத்தாளர் பெனெதேத்தியின் நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு, இயந்திரம் செய்தது போல இருக்கிறது என்று ஒரு மாணவ வாசகர் குறைந்த நட்சத்திரத்தோடு ஓரிரு வரி எழுதினார். மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியவர்கள் அந்த வாசகரின் பல்கலைக்கழகம் வரை புகார் கொண்டுபோனார்கள். அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதற்குப் பழிவாங்க ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரத்தோடு இறங்க, கடைசியில் அந்த நூலுக்கு மதிப்பெண் இடுவதையே தளம் நிறுத்தியது. முதலில் எழுதியவர் எந்த வரி இயந்திரத்தனமானது என்று காட்டவில்லை. எந்த வரி என்று கேட்பதைவிடப் புகார் செய்வதே எதிர்த்தவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. அந்த ஒரு கேள்வி முன்னால் நின்றிருந்தால் இது ஒரு நல்ல மொழிபெயர்ப்பு விவாதமாக முடிந்திருக்கும்.

அப்படி ஒரு விவாதம் 2015இல் நடக்கவே செய்தது. தாகூரின் ‘ஸ்ட்ரே பேர்ட்ஸ்’ கவிதைகளை ஜெங் ஜென்துவோ 1922இல் மொழிபெயர்த்தார். சீன வாசகர்களில் பல தலைமுறையினருக்குத் தாகூர் என்றால் அதுதான். நாவலாசிரியர் ஃபெங் தாங் 2015இல் அதைப் புதிதாக மொழிபெயர்த்தார். எதுகை சேர்த்தார், சில இடங்களில் உடல் சார்ந்த கொச்சைச் சொற்களையும் நுழைத்தார். டிசம்பரில் சர்ச்சை வெடித்தபோது, தாகூரின் ஆங்கில வரி, ஜெங்கின் வரி, ஃபெங்கின் வரி என மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசகர்கள் ஒப்பிட்டார்கள். தாகூரின் நிதானம் எங்கே நழுவியது என்று சிலர் காட்டினார்கள். ஜெங்கின் வரிகள் பழக்கத்தால்தான் இனிக்கின்றனவா என்று வேறு சிலர் கேட்டார்கள். ஒரு கவிதை நூலைப் பற்றி இவ்வளவு பேர் வரிவரியாகப் பேசியது பெருமைக்குரிய செய்தி. முடிவு அப்படி இல்லை. டிசம்பர் 28 அன்று பதிப்பகம் நூலைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. மோசமான மொழிபெயர்ப்பு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கண்ணெதிரே இருந்தால்தான் அதை ஒப்பிட முடியும். ஒப்பீட்டின் பலனாக ஒப்பிடப்பட்ட நூலே காணாமல் போனால், அடுத்து வரும் வாசகருக்கு நாம் விட்டுச்செல்வது கேள்விப்பட்ட தீர்ப்பு மட்டும்.

கருத்து வெட்டுக்கத்தியாக மாறுவது வாசகர்களின் கோபத்தால் மட்டும் நடப்பதில்லை, அதில் அரசியலும் சேர்கிறது. ஃபாங் ஃபாங் எழுதிய ‘ருவான் மாய்’ நாவல், 1950களின் தொடக்கத்து நிலச் சீர்திருத்தத்தில் அழிந்த ஒரு குடும்பத்தின் நினைவைப் பற்றியது. 2017 வசந்தத்தில் அதற்கு லூ யாவ் இலக்கிய விருது கிடைத்தது. அதே பருவத்தில் ஊஹானில் கூடிய ஓர் இடதுசாரி வாசகர் வட்டம் அதைக் கண்டித்தது. முன்னாள் உயர் அதிகாரிகள் கட்டுரை எழுதினார்கள். நாவல் விற்பனையிலிருந்து மறைந்தது. ‘துஷு’ மாத இதழ் 1979 ஏப்ரலில் தன் முதல் இதழில் வாசிப்புக்குத் தடைப் பகுதி கூடாது என்று வாதிடும் கட்டுரையை வெளியிட்டது. அதைத் துணிவோடு வெளியிட்ட நாட்டில் இது நடந்தது என்பது கசக்கிறது. 1997 முதல் ஷாங்காயில் எத்தனையோ நூல் உரையாடல்களுக்கு இடம் கொடுத்த ஜிஃபெங் புத்தகக் கடையும் 2018 ஜனவரியோடு மூடப்பட்டது. இங்கே ஒரு நூலைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், அது மோசமான நூல் என்று அயல்நாட்டு வாசகர் அவசரப்பட்டு முடிவு செய்துவிடக்கூடாது.

விற்பனைக்காகச் சொல்லப்படும் கருத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தோங் யூஹுய் என்ற நேரலை விற்பனையாளர் பேசியபின், 2005இல் வந்த ‘எர்குனா ஆற்றின் வலக்கரை’ பல ஆண்டு கழித்து லட்சக்கணக்கில் விற்றது. 2024 ஜனவரியில் ‘மக்கள் இலக்கியம்’ இதழின் ஆண்டுச் சந்தாவை அவர் நான்கு மணி நேரம் விற்றார். ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகளுக்குப் பணம் வந்தது. நல்ல எழுத்து பல கைகளுக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உருக்கமாகப் பேசிப் பரிந்துரைப்பவர் ஒருவரே என்றால், ஓரக் குறிப்புகளிலும் அவருடைய உருக்கமே எதிரொலிக்கத் தொடங்குகிறது. கலைமான் தின்னும் பாசியைப் பற்றி எழுதியவரின் குறிப்பு அடியில் புதைந்துவிடுகிறது.

நான் கண்டவற்றில் சிறிய வாசகர் வட்டங்களே இப்பழக்கத்தின் வலிமையை முழுதாகக் காப்பாற்றுகின்றன. அங்கே கருத்துச் சொல்பவரைப் பார்த்து அடுத்திருப்பவர் ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறார். எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். சொன்னவரே தன் கருத்தைப் பாதியில் திருத்திக்கொள்கிறார். திரையில் படிக்கும்போதும் இதற்கு வழி உண்டு: மற்றவர்களின் கோடுகளையும் குறிப்புகளையும் மறைத்துவைக்கும் வசதி வீசாட் துஷுவில் இருக்கிறது. முதல் வாசிப்பில் அவற்றை மறைத்துவைத்தும் இரண்டாம் வாசிப்பில் திறந்துவைத்தும் படிப்பதே சரி என்பேன். தோபானில் நட்சத்திரம் இடாமல், படித்தேன் என்று மட்டும் குறித்துவிட்டு விரிவாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பக்க எண்ணோடும் பதிப்பு விவரத்தோடும் எழுதும் அவர்களைத் தேடிப்பிடித்துத்தான் அடுத்த புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன்.